பெண்களுக்கு மட்டும் ஏன் 6 கி.மீ.?

ஆசிரியருக்கு,

மாவட்ட கிராஸ் கன்ட்ரி (மண்தரையிலும் மேடு பள்ளத்திலும் ஓடும்) ஓட்டப் போட்டி அறிவிப்பைத் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் படித்தேன். 20 வயதுக்கு உட்பட்டோரில் ஆண்களுக்கு 8 கி.மீ., பெண்களுக்கு 6 கி.மீ. உலகப் போட்டியிலும் இதே கணக்குதான், சரி. ஆனால் அங்கேயே உகாண்டாவின் கம்பாலா நகரில் நடந்த 2017 போட்டி முதல் சீனியர் பிரிவில் இருபாலருக்கும் 10 கி.மீ. என்று ஆகிவிட்டது. பத்தொன்பது வயதில் எட்டே ஓட முடியாதவள் இருபதில் பத்து ஓடிவிடுவாளா? 1928 ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்துப் போனார்கள் என்று சொல்லி, 1960 வரை அந்தப் பந்தயத்தையே பெண்களுக்கு நீக்கி வைத்திருந்தவர்களின் நினைப்பு இன்னும் போகவில்லை போலும்.

என் மகளுக்கு 18 வயது. விடியற்காலையில் ஏரிக்கரையில் பையன்களோடு சேர்ந்து அதே 8 கி.மீ.தான் ஓடுகிறாள். இந்த சீசனில் கயிற்றுக்கு வெளியே செருப்பும் குளுக்கோஸ் தண்ணீருமாக நின்று நான் பார்த்தவரை, அவள் வேகம் எடுப்பதே கடைசிச் சுற்றில்தான். சென்ற போட்டி முடிந்ததும் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூவில் அப்பிய செம்மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே, "இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருந்தா நாலு பேரைப் பிடிச்சிருப்பேம்மா" என்றாள். விதி மாறும்வரை காத்திருக்க வேண்டாம். மாவட்டத் தடகளச் சங்கம் இந்த சீசன் முடிவதற்குள் பெண்களுக்கு 8 கி.மீ. ஓட்டம் ஒன்றைச் சோதனையாக நடத்திப் பார்க்கலாம். வெயில் ஏறுமுன், காலை 6 மணிக்கே.

- ஒரு தாய், நாமக்கல்