மாலை 7 மணியைத் திருப்பித் தாருங்கள்

சமுதாயக் கூட நிர்வாகக் குழுவினருக்கு, மாதந்தோறும் அங்கே படம் திரையிடும் குழுவினரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களுக்கு வணக்கம்.

வைகாசி மாதத் திரையிடல்கள் இரண்டையும் மாலை 7 மணியிலிருந்து பிற்பகல் 3 மணிக்கு மாற்றி, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். முகூர்த்த மாதம், மாலையில் வரவேற்புக்கு விட்டால் நல்ல வாடகை வரும் என்பது புரிகிறது. கூடத்துக்கு வருமானம் வேண்டும், அதில் எங்களுக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஒட்டுவதற்கு முன் எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பகல் 3 மணிக்கு அந்தக் கூடத்தில் படம் தெரியாது என்று அப்போதே சொல்லியிருப்போம்.

"ப்ரொஜெக்டரில் வெளிச்சத்தைக் கூட்டி வையுங்கள்" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். கூட்டினாலும் ஆகாது. நம் திரை 12 அடி அகலம், 6¾ அடி உயரம், அதாவது சுமார் 7.5 சதுர மீட்டர். ப்ரொஜெக்டர் 3000 லூமென் (அது பாய்ச்சும் மொத்த வெளிச்சத்தின் அளவு) தருகிறது என்றால், திரையின் வெள்ளைப் பகுதியில் 400 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் வெளிச்சத்தின் அளவு) விழும். மேற்குச் சுவரில் எட்டு சன்னல்கள், அவற்றுக்கு மேலே எட்டு வென்டிலேட்டர்கள். அவற்றின் வழியாகத் திரையில் 100 லக்ஸ் பகல் வெளிச்சம் விழுந்தாலே, வெள்ளை 500, கறுப்பு 100. வித்தியாசம் ஐந்து மடங்குதான். இருட்டிய பிறகு அதே திரையில் அது சில நூறு மடங்கு. இரண்டு மடங்கு விலை கொடுத்து 6000 லூமென் கருவி வாங்கினாலும் பகலில் ஐந்து மடங்கு ஒன்பது ஆகும், அவ்வளவுதான்.

ஏனென்றால் எந்த ப்ரொஜெக்டராலும் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. திரையில் கறுப்பு என்பது வெளிச்சம் விழாத இடம். அங்கே சன்னல் வெளிச்சம் விழுந்தால் அது சாம்பல். வண்ணப்படத்தில் நிறம் வெளுத்துப்போகும், கதையாவது புரியும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிழலில் நிற்பவரின் முகமே இருக்காது. முதல் திரையிடலுக்கு நாங்கள் வைத்திருப்பது கறுப்பு வெள்ளைப் படம்தான்.

திரைச்சீலை போட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். அதற்கும் கணக்குப் போட்டுவிட்டோம். 4 அடிக்கு 5 அடி சன்னல். ஓரத்தில் வெளிச்சம் கசியாமலிருக்க ஒவ்வொரு பக்கமும் ஓர் அடி கூட்டினால் 6 அடிக்கு 7 அடி. 45 அங்குலத் துணியில் இரண்டு அகலம் சேர்த்துத் தைக்க வேண்டும். எட்டு சன்னலுக்கும் ஒரு மடிப்புக்கு 34 மீட்டர். கறுப்புக் காடா ஒற்றை மடிப்பில் வெயிலைத் தடுக்காது, இரட்டையாகத் தைத்தால் 68 மீட்டர். வென்டிலேட்டருக்குத் தடித்த அட்டை தனி. இந்தச் செலவைக்கூட நாங்கள் ஏற்றுக்கொள்வோம். ஆனால் சேலத்து வைகாசி வெயிலில், பகல் 3 மணிக்கு, எல்லாவற்றையும் இறுக மூடிய கூடத்தில் நூற்றைம்பது பேரை உட்கார வைத்தால் என்ன ஆகும்? மின்விசிறி சூட்டுக் காற்றைத்தான் சுற்றும், சீலையையும் விலக்கும். இத்தகைய ப்ரொஜெக்டர்கள் பெரும்பாலும் 35 முதல் 40 டிகிரி வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் விளக்கைக் காப்பாற்றத் தானாகவே அணைந்துவிடும். ஆறும்வரை திரும்பப் போடவும் முடியாது. குழந்தைகளும் வயதானவர்களும் அந்தப் புழுக்கத்தில் காத்திருக்க வேண்டும்.

ஆகவேதான் கேட்கிறோம், மாலை 7 மணியைத் திருப்பித் தாருங்கள். வைகாசியில் சூரியன் மறைய 6.40 ஆகிறது. 7 மணிக்கு இருட்டு தானாக வருகிறது. அதற்குத் துணியும் வேண்டாம், காசும் வேண்டாம்.

வருபவர்களையும் நினைத்துப் பாருங்கள். அம்மாப்பேட்டைத் தறிக்காரர்களும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப்பட்டறை ஆட்களும் சனிக்கிழமை 3 மணிக்கு எப்படி வருவார்கள்? வேலை முடிந்து, குளித்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிற நேரம் 7 மணி.

டி.ஆர்.சுந்தரம் 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கிய ஊர் இது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938-ல் இங்கிருந்துதான் போனது. இன்று ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த நிறுவனம் 1950-ல் தயாரித்த 'மந்திரி குமாரி'யை ஊரார் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க, இருட்டான ஓர் இடம் இந்த ஊரில் கிடைக்கவில்லை என்றால் வயிறு எரிகிறது. வளைவைக் காக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் எல்லாரும் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். முகூர்த்த நாளைத்தான் கொடுங்கள் என்று நாங்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. முகூர்த்தம் இல்லாத சனிக்கிழமையோ, வார நாளோ, எதுவானாலும் சரி, மாலை 7 மணியாக இருக்கட்டும். திரை கட்டி, ஒலிபெருக்கி வைத்து, படத்தின் கோணம் சரிபார்க்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதனால் 5.30-க்குச் சாவி வேண்டும். 10 மணிக்குள் நாற்காலிகளை அடுக்கி, பெருக்கி, பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிடுவோம்.

படத்துக்கான அனுமதி தேதி குறித்துத்தான் வாங்க வேண்டும். ஆகையால் தயவுசெய்து புதன்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள். சுவரொட்டி அச்சகத்தில் காத்திருக்கிறது, தேதியும் நேரமும் மட்டும் இன்னும் சேர்க்கவில்லை.

இப்படிக்கு,
திரையிடல் குழுவினர்,
சேலம்