கோழி வாங்குவதற்கு முன்னால்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுத நினைத்தேன், ஆனால் தக்காளி நாற்றை மாற்றி நட வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது, இன்னும் விட்டிருந்தால் தண்டு நீண்டு ஒல்லியாகிச் சாய்ந்திருக்கும், அதனால் நான்கு நாளாகக் கையெல்லாம் மண்தான். இன்றுதான் ஒழிந்தது.

வீட்டுக்குப் பின்னால் மண்ணோடு ஒரு இடம் உனக்குக் கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! 15க்கு 20 அடிதான், ரொம்பச் சின்னது என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். என் கொல்லை அதைவிடச் சின்னதுடி. கீரை, தக்காளி, அவரை எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது, கோழியும் அதில்தான் இருக்கிறது. இடத்தைப் பற்றிக் கவலையே படாதே. எனக்குக் கவலை தந்தது உன் கடிதத்தின் கடைசி வரிதான். "இந்த மாதமே நான்கு கோழி வாங்கிவிடப் போகிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதைக் கொஞ்சம் தள்ளிப்போடு. ஒரு வருடம் போகட்டும். முதலில் மண்ணைப் பார்.

ஏன் சொல்கிறேன் என்றால், நகரத்து மண்ணுக்கு ஒரு பழைய கதை இருக்கும். உன் வீடு பழைய வீடு என்கிறாய். பழைய பெயிண்டில் ஈயம் என்கிற நச்சு உலோகம் கலந்திருந்த காலம் உண்டு, பெட்ரோலிலும் கலந்தார்கள். சுவரிலிருந்து உதிர்ந்ததும் சாலையிலிருந்து வந்து படிந்ததும் மேல்மண்ணிலேயே பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும், மழை அதை அடித்துக்கொண்டு போகாது. காய்களுக்குள் அது அதிகம் ஏறுவதில்லை, ஆனால் கீரையிலும் கிழங்கிலும் ஒட்டிய மண்ணோடு சேர்ந்து வரும். கோழியோ நாளெல்லாம் மண்ணைக் கொத்திக்கொண்டே இருக்கும், அதனால் முட்டை வரைக்கும் போய்விடும். எனவே சுவர் ஓரம், நடு இடம், வேலி ஓரம் என்று தனித்தனியாக மண் எடுத்து ஒரு பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்த்துவிடு. சரியில்லை என்று வந்தால் மனம் உடைய வேண்டாம், ஒரு அடி உயரத்துக்குப் பெட்டி கட்டி நல்ல மண் கொட்டி அதில் வளர்க்கலாம். பாத்தியோ பெட்டியோ, அகலம் 4 அடியைத் தாண்ட வேண்டாம். இரண்டு பக்கமிருந்தும் கை நடு வரை எட்ட வேண்டும், உள்ளே கால் வைத்து மிதித்தால் மண் இறுகிவிடும்.

அப்புறம் வெயில். தக்காளி, கத்தரி, மிளகாய் மாதிரி காய்க்கிற செடிகளுக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். கீரைக்கு 4 மணி நேரம் கிடைத்தாலும் ஒப்பேற்றிவிடும். நான் முதல் வருடம் இதைப் பார்க்காமல் பக்கத்துச் சுவரின் நிழலில் தக்காளியை வைத்துவிட்டேன். செடி என் தோள் உயரத்துக்கு வளர்ந்தது, இலை பச்சைப் பசேலென்று இருந்தது, காய் மட்டும் ஐந்தோ ஆறோதான். வந்த காயிலும் அடிப்பக்கம் கறுத்துத் தோல்போல இறுகியிருந்தது. நோய் என்று நினைத்துக் கண்டதை எல்லாம் தெளித்தேன். பிறகுதான் தெரிந்தது, சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது அது. மண்ணில் சத்து இருந்தாலும் தண்ணீர் ஒருநாள் வெள்ளமாகவும் மூன்று நாள் வறட்சியாகவும் இருந்தால் செடியால் அதை மேலே கொண்டுபோக முடியாது. மறு வருடம் வெயிலுக்கு மாற்றி, மண் வெளியே தெரியாமல் சருகு பரப்பி, ஒரே சீராகத் தண்ணீர் விட்டேன், அவ்வளவுதான், அந்தக் கறுப்பு வரவே இல்லை.

பூசணி வைக்கப் போவதாக எழுதியிருந்தாய், ஒரு மூலையில் வைத்து வேலிமேல் ஏற்றிவிடு. பூ நிறைய வந்து, பூவுக்குக் கீழே குண்டுமணி மாதிரி இருக்கிற பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் பயப்படாதே. நகரத்தில் தேனீ போதவில்லை என்று அர்த்தம். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் போ, மதியத்துக்குள் பூ மூடிவிடும். மெல்லிய நீளக் காம்பில் இருப்பது ஆண் பூ, அதைப் பறித்து இதழ்களை உரித்துவிட்டால் நடுவில் மஞ்சள் பொடி அப்பிய ஒரு தண்டு நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவில், பிசுபிசுப்பாக இருக்கும் இடத்தில், சுற்றிலும் மெல்லத் தடவு. இரண்டு மூன்று நாளில் பிஞ்சு தலை குனிந்து பருக்கத் தொடங்கும். நான் அதை முதல் தடவை பார்த்தபோது வாசல் கதவைத் திறந்து யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

ஆனால் இந்த வருடமே நீ தொடங்க வேண்டியது மட்கு உரம். சமையலறைக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த சருகோ கிழித்த அட்டையோ இரண்டு மூன்று பங்கு. ஈரம், பிழிந்த துணி மாதிரி இருக்க வேண்டும், கையில் எடுத்து அழுத்தினால் ஒரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. நாற்றம் வந்தால் சருகு போதவில்லை, காற்றும் போதவில்லை, கிளறிவிட்டு இன்னும் சருகு போடு. குவியல் 3 அடி உயரம், 3 அடி அகலம் இருந்தால் உள்ளே சூடு ஏறும். கையை விட்டால் வைத்திருக்க முடியாத சூடு, 60 டிகிரி வரை போகும். எல்லாம் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செய்கிற வேலை.

கோழி இதோடுதான் வந்து சேர வேண்டும் என்பது என் எண்ணம். கோழி எச்சம் அப்படியே செடிக்குப் போட்டால் வேர் கருகிவிடும், நோய்க் கிருமியும் இருக்கும். சருகோடு சேர்த்து மட்க வைத்து, நான்கு மாதமாவது போன பிறகே பாத்திக்குப் போட வேண்டும். மட்க வைக்கத் தெரியாமல் கோழி வளர்த்தால் இரண்டாவது மாதமே ஈயும் நாற்றமும் வந்து, பக்கத்து வீட்டுக்காரர் முகம் மாறும். மட்க வைக்கத் தெரிந்துவிட்டால் தோட்டத்துக்கு அதைப்போல உரம் கிடையாது.

இடத்தையும் கணக்குப் போட்டுப் பார். ஒரு கோழிக்குக் கூண்டில் 4 சதுர அடி, வெளியே நடமாட 10 சதுர அடி. நான்கு கோழிக்கு 56. உன் 300 சதுர அடியில் அது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அவிழ்த்து விட்டால் ஒரே மத்தியானத்தில் நாற்று முழுவதையும் கிளறிப் போட்டுவிடும், வேலி வேண்டும். சேவல் இல்லாமலே முட்டையிடும், குஞ்சு வேண்டுமென்றால்தான் சேவல். எத்தனை கோழி வைக்கலாம், சேவல் வைக்கலாமா என்று உன் நகரத்தின் விதியை முன்கூட்டியே கேட்டுக்கொள்.

கூண்டைப் பற்றி ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். நான் அறுகோணக் கண்ணி போட்ட மெல்லிய கம்பி வலையை நம்பினேன். கோழி வெளியே போகாமல் இருக்க அது போதும், வெளியிலிருந்து ஒன்று உள்ளே வராமல் இருக்கப் போதாது. ஒரு இரவில் இரண்டு கோழி போய்விட்டன. காலையில் இறகுகள் மட்டும் கிடந்தன, வலை ஓரத்தில் கிழிந்திருந்தது. மிஞ்சிய ஒன்று மூலையில் ஒடுங்கி நின்றது, இரண்டு நாள் தீனியைத் தொடவில்லை. கோழி தனியாக இருக்கிற பிறவி இல்லை. நீ அரை அங்குலச் சதுரக் கண்ணி உள்ள கெட்டியான கம்பி வலை போடு, சுற்றிலும் ஒரு அடி மண்ணுக்குள் இறக்கு.

முட்டையைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? இட்ட அந்த நொடியில் முட்டை ஈரமாக மினுங்கும், கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து காய்ந்து மங்கிவிடும். அந்த மெல்லிய பூச்சுதான் ஓட்டில் இருக்கும் ஆயிரக்கணக்கான நுண்துளைகளை அடைக்கிறது, கிருமி உள்ளே போகாமல் காக்கிறது. அதனால் முட்டையைக் கழுவி வைக்காதே, சமைக்கும் முன் கழுவு. ஆனால் கடையில் வாங்குவதைவிட மலிவு என்று மட்டும் எண்ணிவிடாதே, ஒரு கோழி நாளுக்கு 120 கிராம் அளவுக்குத் தீனி தின்னும், பகல் குறுகும் மாதங்களிலும் இறகு உதிர்க்கும்போதும் முட்டை நின்றுவிடும், தின்பது நிற்காது.

கடைசியாக, நீ இப்போதே யோசிக்க வேண்டிய விஷயம். கோழி நன்றாக முட்டையிடுவது இரண்டு மூன்று வருடம். உயிரோடு இருப்பது எட்டு வருடம், சமயத்தில் அதற்கு மேலும். முட்டை நின்ற பிறகு என்ன செய்யப் போகிறாய்? அறுத்துச் சாப்பிடுவதில் தவறில்லை, அதற்காகவே வளர்ப்பவர்களை நான் மதிக்கிறேன். என்னால் முடியவில்லை. அன்று மிஞ்சிய அந்த ஒன்று கடைசியாக முட்டையிட்டு ஒன்றரை வருடமாகிறது, குப்பையைக் கிளறிக்கொண்டு, பின்னால் வந்த இளங்கோழிகளை அதட்டிக்கொண்டு என்னோடுதான் இருக்கிறது. உன் பதில் எதுவானாலும் சரி, குஞ்சைக் கையில் எடுக்கும் முன்னால் அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உறையில் அவரை விதை வைத்திருக்கிறேன், என் செடியில் எடுத்தது. வெயில் விழும் பக்கமாக ஒரு அங்குல ஆழத்தில் ஊன்று. பூக்கும்போது ஒரே ஒரு செடியை வேரோடு பிடுங்கி, வேரில் இருக்கும் சின்ன முடிச்சை நகத்தால் பிளந்து பார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருகிற வேலை நடக்கிறது என்று அர்த்தம். மற்ற அவரைச் செடிகளை அறுவடைக்குப் பிறகு பிடுங்காதே, அடியில் வெட்டு, வேர் மண்ணிலேயே இருக்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை 9, மதியம் 12, மாலை 4 மணிக்கு நிழல் எதுவரை வருகிறது என்று ஒரு தாளில் கோடு போட்டு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு எது எங்கே என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழி