பழத்தைப் பிழிந்து ஒளிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைக்கு, அதைச் சாறாகப் பிழிந்து சர்க்கரை சேர்த்துப் புட்டியில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று சென்ற இதழின் குழந்தை நலப் பகுதியில் ஒரு வரி வந்திருந்தது. 26 ஆண்டுகள் அங்கன்வாடியில் பிள்ளைகளோடு இருந்த எனக்கு, அந்த வரியைப் படித்து இரண்டு நாளாகியும் மனம் ஆறவில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குப் பழச்சாறே வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. புட்டியில் தரும் இனிப்புச் சாறு பால் பற்களைச் சொத்தையாக்கும் என்பதும் தாங்கள் அறியாததன்று. அறிந்த இதழே இப்படி எழுதினால், கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் பெரியவர்கள் இல்லாத இளம் தாய் யாரை நம்புவாள்?

சாறு பிழிந்தால் நார் போய்விடுகிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். தோல், கொட்டை, கையில் ஒட்டும் பிசுபிசுப்பு என்று பழத்தைப் பழமாக அறிந்துகொள்ள உதவும் அனைத்தும் அதோடு போய்விடுகின்றன. எங்கள் மையத்துக்கு வந்த மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, ஆயக்குடிக் கொய்யாவை வாயருகே கொண்டு போனாலே அழுவாள். நான் வற்புறுத்தவில்லை, நன்கு பழுத்த முழுக் கொய்யா ஒன்றை அவள் மடியில் வைத்தேன். முதல் நாள் அதைத் தரையில் உருட்டினாள். மறுநாள் காம்பைக் கிள்ளி முகர்ந்தாள். அடுத்த வாரம், வெட்டிய கீற்றிலிருந்த விதைகளை விரல் நுனியால் தோண்டி எடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் முறையோ பத்தாம் முறையோ, யாரும் பார்க்கவில்லை என்று எண்ணி நாக்கால் தொட்டுப் பார்த்தவள், அந்த மாதம் முடிவதற்குள் தோலோடு தின்றாள். புதிய உணவொன்றைப் பல குழந்தைகள் 8 முதல் 15 முறை கண்டு சுவைத்த பிறகே ஏற்கின்றன என்று ஆய்வாளர்கள் சொல்வதை நான் கண்ணாரக் கண்டது அப்போதுதான். நம் வீடுகளிலோ மூன்றாம் முறைக்குள் "இவனுக்குக் கொய்யா பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

விநாயகர் சதுர்த்தியை ஒட்டிச் சந்தைக்கு வரும் விளாம்பழத்தைக் கைக்காசில் வாங்கிச் செல்வேன். ஓட்டை விட்டுப் பிரிந்த சதை உள்ளே குலுங்கும் ஓசையைக் காதருகே வைத்துக் கேட்பதற்காகவே பிள்ளைகள் முண்டியடிப்பார்கள். உடைத்ததும் அந்த வாசனைக்கு மூக்கைச் சுளித்தவர்கள்கூட, வெல்லம் சேர்த்துப் பிசையத் தொடங்கினால் விரலை நக்காமல் இருந்ததில்லை.

இந்த ஆதங்கம் இன்று வந்ததன்று. குழந்தைக்குப் படத்தில் முதலில் காட்டும் பழம் ஆப்பிளாகவும், விளையாடத் தரும் பழம் பிளாஸ்டிக் திராட்சையாகவும் ஆகிவிட்டன. என் பேரன் படிக்கும் மழலையர் பள்ளிக்குக் கொட்டை நீக்கிய நாவற்பழம் கொடுத்தனுப்பியதற்கு, சீருடையில் கறை படிகிறது என்று நாட்குறிப்பில் எழுதி அனுப்பினார்கள். ஊதா நாக்கை நீட்டி ஒருவருக்கொருவர் காட்டிச் சிரிக்கும்போதுதான் அந்தத் துவர்ப்பு பிள்ளைகளுக்குப் பழகுகிறது. கறையைத் துவைக்கப் போகிறவள் நான். பள்ளிக்கு அதில் என்ன இடைஞ்சல் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. இதைக் குறித்துச் சென்ற ஆண்டு தங்களுக்கு எழுதிய கடிதத்தில், நாவல், இலந்தை, விளா என்ற பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை வெளியிட்டிருந்தீர்கள். இடமின்மைதான் காரணமாக இருக்கும் என்று அப்போது என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். திராட்சையை முழுதாகத் தராமல் நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும், நாவல், சீத்தா போன்றவற்றைக் கொட்டை நீக்கியே தர வேண்டும், குழந்தை தின்று முடிக்கும்வரை பெரியவர் ஒருவர் அருகில் அமர்ந்திருக்க வேண்டும் என்பதையும் அதோடு இரண்டு வரியில் சேர்த்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
பழனி.