மணியைக் கொஞ்சம் முன்னாலேயே அடியுங்கள்

நடப்பவர்களும் சைக்கிளும் சேர்ந்து போகும் பாதைகளில் தினமும் சைக்கிள் ஓட்டும் நண்பர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களில் ஒருவன்தான். இருபது வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். ஆனால் போன வருடத்திலிருந்து காலையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதே பாதையில் நடக்கிறேன். அம்மாவுக்கு வயது 76. இத்தனை வருடம் நான் மணி அடித்த விதமே தப்பு என்பது அப்படி நடந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

பாதை அன்று அகலமாகத்தான் இருந்தது. அம்மா ஓரமாக, நான் அவருக்குப் பக்கத்தில், பேசிக்கொண்டே போகிறோம். முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் ‘கிணிங் கிணிங்’ என்று ஒரு சத்தம். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் இடப்பக்கம் ஓர் அடி வைத்தார், உடனே காலை வலப்பக்கம் இழுத்தார். என் கை நழுவிவிட்டது. சைக்கிள் அவரைத் தொடவே இல்லை. தன் காலே தடுக்கி விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. ஓட்டி வந்தவர் நல்ல பையன். சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து தூக்கிவிட்டான். “பெல் அடிச்சேனேம்மா, பெல் அடிச்சேனே” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். உண்மைதான், அடித்தான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதே தூரத்தில்தான் அடித்திருப்பேன்.

அன்று இரவு தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நடப்பவர் மணிக்கு 5 கிலோமீட்டர் போகிறார், நாம் 20-ல் வருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்குள் உள்ள இடைவெளி நொடிக்கு 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேலாகக் குறைகிறது. 5 மீட்டர் பின்னால் வந்து மணி அடித்தால் அவருக்குக் கிடைப்பது ஒரு நொடி சொச்சம். அதற்குள் சத்தம் காதில் விழ வேண்டும், அது சைக்கிள் மணி என்று புரிய வேண்டும், எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிய வேண்டும், அப்புறம்தான் கால் நகர வேண்டும். இளவட்டங்களுக்கே அது போதாது. அதே மணியை 25 மீட்டர் பின்னாலிருந்து அடித்தால் 6 நொடி கிடைக்கிறது. ஆறு நொடியில் அம்மா நின்று, என் கையை இறுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்த்து, நிதானமாக ஒதுங்கிவிடுவார். மின்சார சைக்கிளில் 25-ல் போகிறவர்களுக்கு இந்தத் தூரம் இன்னும் கூட வேண்டும்.

நடப்பவர்களிடம் பேசினால் இரண்டு விதமான புகார் வரும். ‘மணி அடித்தே விரட்டுகிறார்கள்’ என்பார் ஒருவர். ‘மணியே அடிக்காமல் சர்ரென்று உரசிக்கொண்டு போகிறார்கள்’ என்பார் இன்னொருவர். இவர்களை எப்படித் திருப்திப்படுத்துவது என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். நானும் அலுத்துக்கொண்டவன்தான். இப்போது இரண்டும் ஒரே புகார் என்று நினைக்கிறேன். இரண்டு பேருக்குமே நாம் நேரம் கொடுக்கவில்லை.

சரி, எப்படித்தான் அடிப்பது? 25, 30 மீட்டர் தள்ளி இருக்கும்போதே ஒரே ஒரு தடவை, மென்மையாக. அடித்த கையோடு பெடல் மிதிப்பதை நிறுத்துங்கள். அவர் தலையைத் திருப்பினாலோ, தோள் ஒரு பக்கம் நகர்ந்தாலோ கேட்டுவிட்டது என்று அர்த்தம். ஒன்றும் அசையவில்லையா, இன்னொரு தடவை அடித்து வேகத்தை இன்னும் குறையுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் அவருக்குக் கேட்கவில்லை, மூன்றாவது நான்காவது மணியால் பிரயோசனமில்லை. விடாமல் அடிக்கும் மணி நடப்பவர் காதில் ‘நகரு, நகரு’ என்றுதான் விழும். முன்னால் போகிறவர் கோபமாகத் திரும்புவதற்குப் பாதிக் காரணம் அந்த விடாத ‘கிணிங் கிணிங்’தான்.

மணி கேட்காதபோது கை கொடுப்பது நம் குரல். மணி ‘ஏதோ வருகிறது’ என்று மட்டும்தான் சொல்லும். நமக்குக் காதுகள் பக்கத்துக்கு ஒன்றாக இருப்பதால் இடமா வலமா என்று பிரித்துச் சொல்வது எளிது. நேர் பின்னாலிருந்து வரும் சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதால் அது முன்னாலா பின்னாலா என்பதே சில சமயம் குழப்பும். அதனால்தான் ஆட்கள் தலையைத் திருப்புகிறார்கள். திரும்பும்போது காலும் அந்தப் பக்கமே சாய்கிறது, பெரும்பாலும் நாம் முந்தப்போகும் பக்கமாக. குரலால் இந்தக் குழப்பத்தை ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிடலாம்.

ஆனால் என்ன சொல்கிறோம் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அமெரிக்காவில் ‘ஆன் யுவர் லெஃப்ட்’ என்று குரல் கொடுத்து முந்துவது பழக்கம். ‘உங்கள் இடப்பக்கமாக வருகிறேன்’ என்பது அதன் பொருள். கேட்பவர் காதில் விழுவதோ ‘லெஃப்ட்’ மட்டும், அதனால் சரியாக இடப்பக்கமே தாவிவிடுகிறார் என்று அங்கே சைக்கிள் ஓட்டுபவர்கள் புலம்புவது உண்டு. நம் மொழியிலும் ‘வலது! வலது!’ என்று கத்தினால் இதே கதிதான். என் அனுபவத்தில் முதலில் ‘பின்னால சைக்கிள் வருது’ என்று சொல்லிவிட்டு, அவர் காது கொடுத்த பிறகு ‘நீங்க அப்படியே போங்க, நான் வலப்பக்கமா போய்க்கறேன்’ என்பதுதான் நன்றாக வேலை செய்கிறது. ‘அப்படியே போங்க’ என்ற இரண்டு சொல் போதும், யாரும் துள்ளுவதில்லை. வயதானவர்களை ‘அம்மா’, ‘ஐயா’ என்று கூப்பிட்டுவிட்டுச் சொன்னால் அதட்டல் மாதிரி ஒலிக்காது. கத்தத் தேவையில்லாத தூரத்தில், கத்தாமல் சொல்லுங்கள்.

கூட்டமாக ஓட்டும் நண்பர்கள் ஒன்று மட்டும் அவசியம் செய்ய வேண்டும். முதலில் வருபவர் ‘மூணு சைக்கிள் வருது’ என்று எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும், கடைசியில் வருபவர் ‘நான்தான் கடைசி’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் முதல் சைக்கிள் போனதும் ‘சரி, போயிடுச்சு’ என்று நடப்பவர் மறுபடி நடுப்பாதைக்கு வருவார், இரண்டாவது ஆள் நேராக அவர் மேல் போவார். இதை நான் இரண்டு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சத்தம் எழுப்ப வேறு வழிகளும் உண்டு. மிதிப்பதை நிறுத்தினால் பின்சக்கர ஃப்ரீவீல் ‘டிக் டிக் டிக்’ என்று ஒலிக்கும், பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் இன்னும் கொஞ்சம் கேட்கும். அமைதியான பாதையில் அது யாரையும் பயமுறுத்தாத அழகான அறிவிப்பு. இரைச்சலான இடத்தில் பயனில்லை. மலைப்பாதைகளில் ஓட்டுபவர்கள் சிலர் மாட்டு மணி போலத் தானாக ஒலித்துக்கொண்டே வரும் மணியைக் கட்டிக்கொள்கிறார்கள். வளைவுகளுக்கு நல்லது, ஊருக்குள் எல்லோருக்கும் தலைவலி. காரின் ஹாரன் போல அலறும் மின்சார ஹாரன்களை மட்டும் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். நாடுகள் கூடிச் செய்துகொண்ட 1968-ம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையே, சைக்கிளில் போதிய தூரம் கேட்கும் மணி இருக்க வேண்டும், வேறு ஒலிக்கருவி கூடாது என்கிறது. ஜெர்மனியின் வாகன விதியும் அப்படித்தான்.

ஜப்பானின் விதி என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. அங்கே ஆபத்தைத் தவிர்க்க வேறு வழியில்லாத போது தவிர, நடப்பவர் வழி விட வேண்டும் என்பதற்காக மணி அடிப்பது சட்டப்படி தவறு. நடைபாதையில் சைக்கிள் போகலாம் என்று அனுமதித்த இடத்திலும் நடப்பவருக்குத்தான் முன்னுரிமை, அவருக்கு இடைஞ்சல் என்றால் சைக்கிள் நிற்க வேண்டும். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித்தொகுப்போ, வேகத்தைக் குறைத்து, நீங்கள் வருவதை மணி அடித்துத் தெரிவியுங்கள் என்கிறது, நடப்பவர் காது கேளாதவராகவோ பார்வையற்றவராகவோ இருக்கலாம் என்றும் கூடவே நினைவூட்டுகிறது. ஒன்று அடிக்காதே என்கிறது, இன்னொன்று அடி என்கிறது. முரண்பாடு போலத் தெரிந்தாலும், மணி அடித்ததால் நமக்கு வழி சொந்தமாகிவிடாது என்பதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. அந்தப் பையன் ‘பெல் அடிச்சேனே’ என்றபோது அவன் மனதில் இருந்தது இதற்கு நேர் எதிரானது. என் மனதிலும் இருபது வருடமாக அதுவேதான் இருந்தது.

கேட்காதவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். வயதாக ஆக முதலில் மங்குவது உச்ச சுருதி ஒலிகள்தான். நம்மில் பலர் மாட்டியிருக்கும் சின்ன மணியின் ‘டிங்’ அந்த உச்சத்தில்தான் இருக்கிறது. காதில் இயர்போனோடு ஓடுகிறவருக்கு மணியும் ஒன்றுதான், மௌனமும் ஒன்றுதான், அவரைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. காது கேளாதவரை முதுகைப் பார்த்து அடையாளம் காண முடியாது. வெள்ளைக் கோலோடு நடப்பவர் அருகே வந்ததும் மணியை விட்டுவிட்டுப் பேசுங்கள், எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். கோலில் சிவப்புப் பட்டைகளும் இருந்தால், பல நாடுகளில் அவருக்குப் பார்வையோடு செவியும் குறைவு என்று பொருள். அங்கே சொல்லிப் பயனில்லை. நன்றாக விலகி, நடக்கும் வேகத்தில் போக வேண்டும், இடமில்லை என்றால் காத்திருக்க வேண்டும். சின்னக் குழந்தைகள் விஷயத்திலும் நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். மணிச் சத்தம் கேட்டால் குழந்தை சைக்கிளைப் பார்க்க அதை நோக்கியே ஓடி வரும். கூட இருக்கும் பெரியவரைக் கூப்பிட்டு, அவர் குழந்தையின் கையைப் பிடித்த பிறகு நகருங்கள். பாதை முழுக்க ஆட்கள் நிறைந்திருந்தால் மணிக்கு வேலையே இல்லை, இறங்கித் தள்ளிக்கொண்டு போவோம். இரண்டு நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான்.

உங்கள் மணி எவ்வளவு தூரம் கேட்கும் என்று நீங்கள் ஒரு தடவையாவது சோதித்திருக்கிறீர்களா? நான் சோதித்ததே இல்லை. மாவுக்கட்டு அவிழ்த்த அடுத்த வாரம், ஆளில்லாத நேரத்தில் அம்மாவைப் பாதையில் எனக்கு முதுகு காட்டி நிற்க வைத்தேன். மணி கேட்டால் கையைத் தூக்கச் சொன்னேன். 35 தப்படி, அதாவது ஏறக்குறைய 25 மீட்டர் தள்ளி நின்று என் பழைய சின்ன மணியை அடித்தேன். கை எழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினேன். ஏறக்குறைய பத்துத் தப்படிக்கு வந்த பிறகுதான் கை எழுந்தது, அதுவும் சந்தேகமாக, பாதி உயரம். அந்தத் தூரத்தில் நான் 20-ல் வந்துகொண்டிருந்தால் அவருக்கு மிஞ்சியிருப்பது இரண்டு நொடிக்கும் குறைவு. பிறகு கட்டைவிரலால் தள்ளினால் உள்ளே பல்சக்கரம் சுழன்று நாதம் இழுத்து ஒலிக்குமே, கிண்ணம் மாதிரி பெரிய பித்தளை மணி, ஒன்றைக் கடன் வாங்கி வந்து மறுபடி 35 தப்படியிலிருந்து அடித்தேன். கை உடனே எழுந்தது. “இதுதான் மணி. அது ஏதோ பூச்சி மாதிரி இருந்துச்சு” என்றார்.

மறுநாளே அந்த வகை மணி ஒன்றை வாங்கி, பிரேக்கில் இருந்து விரலை எடுக்காமல் கட்டைவிரல் எட்டும் இடத்தில் ஹேண்டிலில் மாட்டினேன். உங்கள் வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் இந்த வாரம் அவரை அழைத்துப் போய் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள், 35 தப்படியிலிருந்து.

அன்புடன்,
காலையில் அம்மாவோடு நடந்து, மாலையில் உங்களோடு சைக்கிள் ஓட்டும் ஒருவன்