விமான நிறுவனங்களின் கட்டண நிர்ணயப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்து செல்லும் இருவரில் ஒருவர் மற்றவரைப் போல இரண்டு மடங்கு கட்டணம் செலுத்தியிருக்கக்கூடும் என்பது விமானத்தில் பயணம் செய்கிற எல்லோருக்கும் தெரிந்ததே. அது ஏன் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. செவ்வாய்க்கிழமை வாங்கினால் மலிவு என்பார் ஒருவர். திரும்பத் திரும்பத் தேடினால் கணினி நம் ஆசையைக் கண்டுகொண்டு விலையை ஏற்றிவிடும் என்பார் இன்னொருவர். கடைசி நாள்வரை பொறுத்திருந்தால் காலி இருக்கைகளை வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்பார் மூன்றாமவர். பல ஆண்டுகளாக வீட்டாருக்கும் உறவினருக்கும் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்து வருபவள் நான். இந்த நம்பிக்கைகளைக் கேட்டுக் காத்திருந்து பணத்தை இழந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். இவை இவ்வளவு தூரம் பரவியதற்கு உங்கள் மௌனமே முதற்காரணம் என்று கருதுவதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கட்டணம் மாறக்கூடாது என்று நான் கேட்கவில்லை. விமானத்தின் கதவு மூடப்பட்டபின் விற்காமல் நின்ற இருக்கைக்கு மதிப்பே கிடையாது. அதை நாளைக்கு எடுத்துவைத்து விற்க முடியாது. ஆகவே எத்தனை இருக்கைகளை முன்கூட்டியே மலிவாக விற்பது, எத்தனையைப் பின்னால் வருபவருக்காக வைத்திருப்பது என்ற கணக்கு உங்களுக்குத் தவிர்க்க முடியாதது. பிரிட்டிஷ் ஓவர்சீஸ் ஏர்வேஸ் கழகத்தில் பணியாற்றிய கென் லிட்டில்வுட் 1972-ல் வகுத்த விதி இதன் அரிச்சுவடி. முழுக்கட்டணம் 100, சலுகைக் கட்டணம் 40 என்று வைத்துக்கொண்டால், முழுக்கட்டணம் கொடுக்கும் பயணி ஒருவர் பின்னர் வருவதற்கான வாய்ப்பு 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்வரை அந்த இருக்கையைச் சலுகை விலைக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதே லாபம். இன்று உங்கள் கணினிகள் செய்வது இதன் விரிந்த வடிவம்தான். அமெரிக்காவில் 1978 வரை அரசு வாரியம் ஒன்றே கட்டணங்களைக் கட்டுப்படுத்தி வந்தது; அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்றும் நான் விரும்பவில்லை. முன்கூட்டித் திட்டமிடக்கூடிய எளிய மனிதருக்கு விமானப் பயணம் கைக்கெட்டியதில் இந்த மாறும் கட்டண முறைக்கும் பங்கு உண்டு என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன்.

என் குறையைச் சொல்ல ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஒருமுறை பயணமுகவர் ஒருவரின் மேசைக்கு அருகே அமர்ந்திருந்தபோது அவருடைய திரையைப் பார்க்க நேர்ந்தது. நாங்கள் கேட்ட விமானத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் ‘ஒய்9 பி9 எம்4 கியூ2’ என்பது போன்ற ஒரு வரி இருந்தது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டணப் படி என்றும், பக்கத்தில் உள்ள எண் அந்தப் படியில் இன்னும் வாங்கக்கூடிய இருக்கைகள் என்றும், ஒன்பதுக்கு மேல் எத்தனை இருந்தாலும் 9 என்றே காட்டும் என்றும் அவர் விளக்கினார். அதுவரை எனக்குப் புதிராக இருந்த எல்லாமே அந்த ஒரு வரியில் விளங்கிவிட்டன. கீழ்ப்படியில் இரண்டு இருக்கைகள் உள்ளன. அவை விற்றதும் விலை அடுத்த படிக்கு ஏறும். குழுவாகப் பதிவு செய்தவர் யாராவது ரத்து செய்தாலோ, விற்பனை மந்தமாக இருப்பதைக் கண்டு நீங்கள் கீழ்ப்படியைத் திரும்பத் திறந்தாலோ இறங்கும். ஒரே விமானத்தின் விலை காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இருப்பதற்கு இதைவிட மாயமான காரணம் பெரும்பாலும் எதுவும் இல்லை.

அதன் பிறகு சில மாதங்கள் கழித்து எங்கள் வீட்டில் நால்வருக்குச் சீட்டு எடுக்க ஒரு நிறுவனத்தின் தளத்தில் தேடினேன். தலைக்கு இவ்வளவு என்று காட்டிய தொகை முந்தைய நாள் பார்த்ததைவிடக் கணிசமாக உயர்ந்திருந்தது. முகவர் சொன்னது நினைவுக்கு வர, நால்வர் என்பதை மூவராக்கிப் பார்த்தேன், மாற்றமில்லை. இருவராக்கியதும் பழைய விலை திரும்ப வந்துவிட்டது. கீழ்ப்படியில் இரண்டு இருக்கைகள் அப்போதும் இருந்திருக்கின்றன; நால்வரையும் ஒரே படியில் அமர்த்த இயலாததால் நால்வருக்குமே மேல்படி விலையைக் கணினி சொல்லியிருக்கிறது. இரண்டிரண்டாக வாங்கிக் கொஞ்சம் மிச்சம் பிடித்தேன். ஆனால் ஒரே குடும்பம் இரண்டு பதிவு எண்களாகப் பிரிந்துபோனது. விமான நேரம் மாறினாலோ ரத்தானாலோ ஒரு பாதியை ஒரு விமானத்திலும் மறுபாதியை வேறொன்றிலும் ஏற்றிவிடும் அபாயம் அதில் இருந்ததால், பயண நாள்வரை எனக்கு நிம்மதி இல்லை. பிள்ளைகளோடு பயணம் செய்யும் பெற்றோர் விலைக்கும் நிம்மதிக்கும் நடுவே இப்படித் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையை, ‘இரண்டு இருக்கைகள் இந்த விலையில், இரண்டு அந்த விலையில்’ என்று ஒரே பதிவில் விற்பதன்மூலம் உங்களால் நீக்க முடியாதா?

எப்போது வாங்குவது என்ற கேள்விக்கும் நேர்மையான பதில் உங்களிடம்தான் இருக்கிறது. பல சலுகைக் கட்டணங்களுக்குப் புறப்பாட்டுக்கு 21, 14, 7 நாள் முன்னதாக வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. பதினான்காம் நாள் இரவு பார்த்துவிட்டு, வீட்டாரைக் கலந்துகொண்டு மறுநாள் காலை வாங்க வருபவர், உயர்ந்த விலையைக் கண்டு தன் தேடலைத்தான் கணினி வேவு பார்த்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். ‘இந்தக் கட்டணம் இன்று நள்ளிரவோடு முடிகிறது’ என்று ஒரு வரி அந்தத் திரையில் இருந்திருந்தால் அவர் அன்றிரவே முடிவெடுத்திருப்பார். அதேபோல, கால அட்டவணை திறக்கும் நாளில், அதாவது ஏறத்தாழ பதினொரு மாதம் முன்பே, முந்திக்கொண்டு வாங்குவதும் சிக்கனம் அல்ல. மலிவான படிகளை நீங்கள் அப்போதே திறந்துவைத்திருப்பீர்கள் என்பதற்கு உறுதி இல்லை. என்னைக் கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: குறுகிய பயணம் என்றால் ஒன்று முதல் மூன்று மாதம் முன்பும், கண்டம் தாண்டும் பயணம் என்றால் இரண்டு முதல் ஆறு மாதம் முன்பும் விலையைக் கவனித்து வாருங்கள், ஊரே கிளம்பும் விடுமுறைக் காலத்துக்கு இன்னும் முந்திக்கொள்ளுங்கள், வாங்கும் கிழமையைவிடப் பறக்கும் கிழமையும் நேரமுமே விலையை அதிகம் மாற்றும். இது அனுபவத்தில் கண்டது மட்டுமே. குறிப்பிட்ட வழித்தடத்தில் சென்ற ஆண்டு இதே வாரத்தில் விலை எப்படி ஏறி இறங்கியது என்ற பதிவு உங்களிடம் இருக்கிறது. கூகுள் ஃபிளைட்ஸ் போன்ற தேடல் சேவைகள் ‘இது வழக்கத்தைவிடக் குறைவு’, ‘இது அதிகம்’ என்று பயணிக்குச் சொல்கின்றன. விலையை வைப்பவர்கள் நீங்களே அதைச் சொல்லத் தயங்குவது ஏன்?

தகவலைச் சொல்லும்படி சட்டம் கட்டாயப்படுத்தியபோது தொழில் முடங்கிவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1008/2008 எண்ணுள்ள விதிமுறை, தவிர்க்க முடியாத வரிகளையும் கட்டணங்களையும் சேர்த்த இறுதி விலையையே காட்ட வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் 2012 முதல், புறப்பாட்டுக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கையில் பதிவு செய்தவருக்கு, சொன்ன விலையை 24 மணி நேரம் பணம் வாங்காமல் நிறுத்திவைக்க வேண்டும், அல்லது அதே நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்ய விட வேண்டும் என்பது விதி. இந்த ஒரு நாள் அவகாசத்தை எந்த நாட்டுச் சட்டமும் கேட்காமலேயே எல்லோருக்கும் நீங்கள் கொடுக்கலாம்.

கடைசி நேரக் கட்டணத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. நாளைக்கே பறக்க வேண்டும் என்று வருபவர் அலுவல் நிமித்தம் செல்பவர், அவர் செலவை நிறுவனம் ஏற்கும் என்று உங்கள் கணக்கு எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதே வரிசையில், தாய் இறந்த செய்தி கேட்டு முகம் பார்க்க ஓடுகிறவரும் நிற்கிறார். அவருக்குப் பேரம் பேசவோ காத்திருக்கவோ வழியில்லை. கணினிக்கு அவரும் அலுவல் பயணியும் ஒன்றே. துக்கத்துக்குச் செல்வோருக்கென்று தனிக் கட்டணம் வைத்திருக்கும் நிறுவனங்கள் சில இன்றும் உள்ளன; பலவற்றில் அது இல்லை, இருக்கும் இடத்திலும் தொலைபேசியில் அழைத்துக் கேட்டால்தான் கிடைக்கிறது. அழுகையோடு அலைபேசியில் சீட்டுத் தேடுபவர் அதை எப்படி அறிவார்?

முகவர் பார்க்கும் அந்த ஒரு வரியைப் பயணிக்கும் புரியும் மொழியில் காட்டுங்கள். அதன் அருகிலேயே, துக்கத்துக்குச் செல்வோருக்கான கட்டணத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு கட்டத்தையும் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பயணிகளுள் ஒருத்தி