செயலாளரின் ஆண்டறிக்கை: மணமும் நினைவும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மூத்தோருக்கு வாசனை காட்டிப் பழைய நினைவுகளைப் பேசவைக்கும் மண அமர்வுகளைப் பற்றி மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன். புதிய தொண்டர்களுக்கு இது கைகொடுக்கும்.

காட்சியும் ஒலியும் மூளையில் தாலமஸ் என்ற இடைநிலையம் வழியாகப் போகின்றன. மணம் அங்கே நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளுக்கு நேரே போகிறது. பொருளின் பெயர் வாயில் வருமுன் கண் கலங்குவது இதனால்தான். அப்படி வருபவை பெரும்பாலும் பத்து வயதுக்குட்பட்ட நினைவுகள். ஆகவே எசென்ஸ் வேண்டாம். அந்தக் காலத்து அசல் பொருளே வேண்டும்.

மூடியுள்ள கண்ணாடிக் குப்பிகளே நல்லது. பிளாஸ்டிக்கில் பழைய வாசனை தங்கிவிடும். அன்று காலை அரைத்த காபித்தூள் ஒரு தேக்கரண்டி, மருக்கொழுந்து இரண்டு கொத்து, ஈரக் கோணித்துண்டோடு கொத்தமல்லித்தழை, நெத்திலிக் கருவாடு இரண்டு. உள்ளே இருப்பது தெரியாமல் துணி சுற்றுங்கள். மூக்குக்கு இரண்டு விரற்கடை கீழே பிடித்து, சின்னச் சின்ன மூச்சாக 20 நொடி. பிறகு ஒரு நிமிடம் இடைவெளி. ஓர் அமர்வுக்கு நாலு மணம் போதும், அதற்குமேல் மூக்கு சோர்ந்துவிடும். கருவாடு கடைசியில்தான். முதலில் திறந்தால் மருக்கொழுந்து எடுபடாது.

“இது என்ன?” என்று கேட்காதீர்கள். பழகிய மணத்துக்கும் பெயர் சட்டென்று வராது. பரீட்சை மாதிரி ஆகி, பெரியவர் வாயை மூடிக்கொள்வார். “எந்த இடம் ஞாபகம் வருதும்மா? கூட யார் இருந்தாங்க?” என்று கேளுங்கள். கோணிக் குப்பியைத் திறந்தால், 1996இல் கோயம்பேட்டுக்குப் போன சென்னைக் கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை பேச்சில் வந்துவிடும், தலைச்சுமைக் கூலி உட்பட. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகப் பக்கத்து உறுப்பினர்களிடம், கருவாடு போன்ற கடல் வாசனையைச் சம்மதம் கேட்டுவிட்டே நீட்டுங்கள். 2004 சுனாமி பலருக்கு இன்னும் ஆறாத புண். யாராவது அழுதால் குப்பியை மூடிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். பேச்சை மட்டும் மாற்றாதீர்கள். கற்பூரம், ஊதுபத்தி கொளுத்தக் கூடாது, ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பு வரும். அந்துருண்டையும் மண்ணெண்ணெயும் அறவே கூடாது.

ஒருவருக்கு நாலு குப்பியும் ஒன்றுபோலத் தெரிந்தால், வயசு என்று விட்டுவிடாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்புங்கள். சளி, மூக்குச் சதை, கொரோனா என்று காரணம் பல. பார்க்கின்சன், அல்சைமர் நோய்களின் தொடக்க அறிகுறியாகவும் இருக்கலாம். சிலிண்டர் கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். மணம் தெரியாதவருக்கு அதனால் பயனில்லை. தனியாகச் சமைக்கும் அப்படிப்பட்ட உறுப்பினர்களின் வீடுகளில் கசிவு எச்சரிக்கைக் கருவி பொருத்த, நல நிதியிலிருந்து செலவிட இப்பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.