ப்ளூ-ரே பிளேயர் வாங்கலாமா என்று கேட்ட மகனுக்கு

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள ராஜாவுக்கு,

அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஏரியைச் சுற்றி மெதுவாக நடக்கிறார். நீயும் மருமகளும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மியூனிக்கில் குளிர் ஆரம்பித்திருக்கும், பாப்பாவுக்குக் காதை மூடிக் குல்லாய் போட்டு அனுப்பு.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் முழுதாகப் பதில் சொல்லவில்லை. பாப்பா ஆசையாகத் திரும்பத் திரும்பப் பார்த்த படம் ஒருநாள் ஆப்பில் காணாமல் போய்விட்டது, அது அழுது ஊரைக் கூட்டுகிறது, டிஸ்க்கில் படம் போட்டுப் பார்க்கும் ஒரு ப்ளூ-ரே பிளேயர் வாங்கிவிடலாமா, இல்லை இந்தக் காலத்தில் அது வீண் செலவா என்று கேட்டாய். வாங்கு. ஆனால் சில விஷயங்களைப் பார்த்து வாங்க வேண்டும். அதையெல்லாம் போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் படம் எங்கே போனது என்று புரிந்துகொள். மாதாமாதம் நீ கட்டுவது வாடகை. படத்தின் உரிமை வைத்திருப்பவருக்கும் ஓடிடி கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தம் முடிந்தால், உன்னைக் கேட்காமலே படத்தை எடுத்துவிடுவார்கள். தனியாகக் காசு கொடுத்து 'வாங்கு' என்ற பட்டனை அழுத்திய படத்துக்கும் பெரும்பாலும் இதே கதைதான். கையில் கிடைப்பது பார்ப்பதற்கான லைசென்ஸ், அவ்வளவுதான். அதை வாங்குகிறவரிடம் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிபோர்னியாவில் ஒரு சட்டமே போட்டு, 2025-லிருந்து அமலில் இருக்கிறது. ஒரு குழந்தைக்குப் பிடித்த படத்தை இப்படி நடுவில் பிடுங்கிக்கொள்வது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை. பிடித்த படம் நம் வீட்டு அலமாரியில், நம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பிளேயர் வாங்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது, படத்தின் தரம். உனக்குத் தெரியும், ஐ.டி.ஐ. பேக்டரியில் டெலிபோன் ரிலேயை அட்ஜஸ்ட் செய்து பழகிய கை என்னுடையது. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் எனக்கு அதை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. சிடி, டிவிடி, ப்ளூ-ரே மூன்றும் அதே 12 சென்டிமீட்டர் வட்டம்தான். படிக்கிற லேசர் ஒளிதான் வேறு. சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளம், டிவிடிக்கு 650, சிவப்பு. ப்ளூ-ரேக்கு 405, நீலமும் ஊதாவும் கலந்த நிறம். அலைநீளம் குறையக் குறைய ஒளியைச் சின்னப் புள்ளியாகக் குவிக்கலாம். அதே வாசலில் சன்னமாக இழை இழுக்கத் தெரிந்தவள் நிறையப் புள்ளி வைத்துக் கோலம் போடுவாளே, அந்த மாதிரி. டிவிடியில் ஓர் அடுக்கில் 4.7 ஜி.பி. கொள்ளும், ப்ளூ-ரேயில் 25. இரண்டு அடுக்கு என்றால் 50.

இந்த நீல ஒளியைக் கொண்டுவருவது லேசில் நடக்கவில்லை. ஜப்பானில் தொகுஷிமா என்ற மாகாணத்தில், பெரிய பேர் இல்லாத ஒரு கம்பெனியில் வேலை பார்த்த ஷுஜி நகமுரா, காலியம் நைட்ரைடு என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு நீல எல்இடியையும், பிறகு நீல லேசரையும் செய்து காட்டினார். நீல எல்இடிக்காக 2014-ல் அகசாகி, அமானோ இருவரோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். பேக்டரியில் வேலை பார்த்தவளுக்கு இந்தச் செய்தி எவ்வளவு சந்தோஷம் தரும் என்று உனக்குத் தெரியும். பாப்பா கொஞ்சம் பெரியவளானதும் இதைச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஐரோப்பாவில் விற்ற டிவிடியில் ஒரு பிரேமுக்கு, அதாவது ஓடும் படத்தின் ஒவ்வொரு தனிப் படத்துக்கும், ஏறக்குறைய 4 லட்சம் புள்ளிகள். ப்ளூ-ரேயில் 20 லட்சத்துக்கு மேல். ஓடிடியிலும் முழு எச்.டி. என்றுதான் போடுவார்கள், புள்ளிக் கணக்கும் அதேதான். ஆனால் நொடிக்கு 5 மெகாபிட் வேகம் இருந்தால் போதும் என்கிற அளவுக்கு அதை அழுத்திச் சுருக்கித்தான் அனுப்புகிறார்கள். ப்ளூ-ரேயில் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை போகலாம். வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், இருட்டுக் காட்சியில் பார். மழை, புகை, தண்ணீர் வரும் காட்சியில் பார். ஓடிடியில் கறுப்பு கட்டம் கட்டமாக உடையும், டிஸ்க்கில் அந்தக் கறுப்புக்குள்ளேயே சுவரும் முகமும் தெரியும். அப்புறம் சத்தம். டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ என்று போட்ட டிஸ்க்கில் ஒலியில் எதையும் வெட்டுவதில்லை, ஸ்டுடியோவில் கலந்து முடித்தது அப்படியே வீட்டுக்கு வருகிறது. மிருதங்கத் தொப்பியின் கும்கியை அதில்தான் நான் முழுசாகக் கேட்டேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது உன் ஊரோடு சம்பந்தப்பட்டது. சித்தி லண்டனிலிருந்து கொண்டுவந்த பழைய ஆங்கிலப் பாட்டுப் படத்தின் டிவிடி நினைவிருக்கிறதா? அதே பாட்டு நம்மிடம் கேசட்டில் இருந்தது. டிவிடியில் பாடினால் சுருதி ஒட்டவே இல்லை. சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தபோது கால் கட்டைக்கு மேல் ஏறியிருந்தது. காரணம் இதுதான்: படம் எடுப்பது நொடிக்கு 24 பிரேம். ஐரோப்பாவின் பழைய டிவி முறைக்கு 25 வேண்டும். அதனால் படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிப் பதிவு செய்துவிடுவார்கள். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிஷம் முன்னாலேயே முடிந்துவிடும், பாடுகிறவர் குரலும் மேலே ஏறிவிடும். ப்ளூ-ரேயில் பெரும்பாலும் 24 பிரேம் 24-ஆகவே இருக்கிறது. பாட்டு அதன் சுருதியிலேயே கேட்கும். அதனால் அங்கே பழைய டிவிடி மலிவாகக் கிடைக்கிறது என்று பாட்டுப் படங்களை அதில் வாங்காதே. பாப்பாவின் காது இப்போதுதான் பழகுகிறது.

இப்போது எதை வாங்குவது. பிளேயர் செய்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஓப்போ 2018-ல் நிறுத்தினார்கள், சாம்சங் 2019-ல் புது மாடல் போடுவதை விட்டார்கள், எல்ஜியும் 2024-ல் விலகிவிட்டது. சோனி, பானசோனிக் மாடல்கள் இன்னும் இருக்கின்றன. வாங்குவதாக இருந்தால் தள்ளிப்போடாதே. வெறும் ப்ளூ-ரே வேண்டாம், அதைவிடத் துல்லியமான 4கே அல்ட்ரா எச்.டி. டிஸ்க்கும் ஓடுகிற பிளேயராக எடு. அதில் பழைய ப்ளூ-ரே, டிவிடி, சிடி எல்லாம் ஓடும். விளையாட்டுப் பெட்டி ஒன்று வாங்கினால் இரண்டு வேலையும் ஆகும் என்றாய். டிஸ்க் போடும் வசதி உள்ள பிளேஸ்டேஷன் 5-ல் 4கே டிஸ்க் நன்றாகவே ஓடும். ஆனால் பாட்டு சிடி ஓடாது. என் கச்சேரி சிடிகளை உனக்குத்தான் தருவதாக இருக்கிறேன், அதனால் தனி பிளேயரே வாங்கு.

நாட்டுப் பூட்டு என்று ஒன்று இருக்கிறது, இதை மறந்துவிடாதே. ப்ளூ-ரேக்கு உலகத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்காவும் ஜப்பானும் ஏ. உன் ஜெர்மனி பி. நம் இந்தியா சி. சி என்று பூட்டிய டிஸ்க் உன் பிளேயரில் ஓடாது. நிறைய டிஸ்க்குகள் மூன்றுக்கும் பொதுவாகவே வருகின்றன, அட்டையின் பின்பக்கம் சின்ன அறுகோணத்துக்குள் எழுத்து இருக்கும், பார்த்து வாங்கு. 4கே டிஸ்க்குகளுக்கு இந்தப் பூட்டு கிடையாது. டிவிடிக்கு எண் கணக்கு: உங்களுக்கு 2, எங்களுக்கு 5. நம் தமிழ்ப் பட டிவிடிகளில் நிறைய, பூட்டே இல்லாமல் வந்தவைதான்.

தமிழ்ப் படங்களைப் பற்றி உன்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. ப்ளூ-ரேயில் வந்தவை மிகக் கொஞ்சம். நமக்குப் பிடித்த பழைய படங்கள் பெரும்பாலும் டிவிடியோடு நின்றுவிட்டன. மோசர் பேயர்காரர்கள் டிவிடியை 34 ரூபாய்க்குக் கொடுத்தபோது நானும் அப்பாவும் அள்ளி வாங்கினோமே, அவைதான் இன்றைக்கும் நமக்குச் சொத்து. அந்தக் கம்பெனியும் இப்போது இல்லை. நல்ல பிளேயரில் போட்டால் டிவிடியைக் கொஞ்சம் மேம்படுத்திக் காட்டும். இல்லாத விவரத்தை அதனால் கொண்டுவர முடியாது, ஆனால் கண்ணுக்கு உறுத்தாது. லிடோ தியேட்டர் இருந்த இடத்தில் மால் வந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. படம் பார்த்த இடங்கள் போகும்போது படங்களையாவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

வீட்டில் வைத்ததும் செய்ய வேண்டியது இரண்டு. ஒன்று, பிளேயரை ஒருமுறை இன்டர்நெட்டில் இணைத்து அப்டேட் போடு. யாரும் காப்பி எடுக்காமல் இருக்க டிஸ்க்குகளில் வேறொரு பூட்டு இருக்கிறது, அதன் சாவிகளை அவ்வப்போது மாற்றுவார்கள், அப்டேட் இல்லாத பிளேயரில் புது டிஸ்க் ஓடாமல் போகலாம். இரண்டாவது, டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் ஒரு செட்டிங் இருக்கும். இல்லாத பிரேம்களை டிவி தானே உண்டாக்கி நடுவில் சொருகும். அதை அணைத்துவிடு. அது இருந்தால் நல்ல சினிமாவும் சாயங்கால சீரியல் மாதிரி தெரியும்.

டிஸ்க்கைக் கையாளும் விதத்தைப் பாப்பாவுக்கு நீயே கற்றுக்கொடு. ப்ளூ-ரேயில் பதிவு இருக்கும் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்தில்தான் இருக்கிறது. டிவிடியில் அது 0.6. அதனால் மேலே கடினமான பூச்சு கொடுத்திருக்கிறார்கள், சின்னச் சின்னக் கீறல் ஒன்றும் செய்யாது. ஆழமாகக் கீறினால் டிவிடியைப் போலத் தேய்த்துச் சரிசெய்ய முடியாது, போனது போனதுதான். விளிம்பைப் பிடித்து எடுக்க வேண்டும். துடைப்பதாக இருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து வெளியே நேராகத் துடை, வட்டமாகத் துடைக்காதே. டப்பாவை நிமிர்த்தி வை, ஹீட்டர் பக்கத்தில் வைக்காதே.

நம் பிளேயர் இன்னும் நன்றாக ஓடுகிறது. போன மழைக்காலத்தில் டிரே வெளியே வராமல் அடம்பிடித்தது. அப்பா எஸ்.பி. ரோட்டுக்கு எடுத்துப் போனார். உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருந்தது, மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். லென்ஸ் போனால்தான் பெரிய செலவு. மழை அடித்து இன்டர்நெட் போகிற ராத்திரியில் தெருவே சும்மா உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு இன்வர்ட்டர் இருந்தால் போதும், படம் ஓடும். அப்பாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், சப்டைட்டில் வைத்துக்கொள்கிறார். போன் வந்தால் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து போடுவோம். அலமாரியைத் திறந்து, இன்றைக்கு எது என்று இரண்டு பேரும் பேசி ஒன்றை எடுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ரிமோட்டை வைத்துக்கொண்டு எதைப் பார்ப்பது என்று அரைமணி நேரம் தள்ளிக்கொண்டே இருப்பதில் அது இல்லை.

ஆனால் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்காதே. ஒருமுறை பார்த்து மறக்கிற படத்துக்கு ஓடிடியே போதும். வருஷா வருஷம் பார்க்கத் தோன்றும் படம், பாப்பா பெரியவளானதும் காட்ட வேண்டும் என்று நினைக்கும் படம், இவற்றை மட்டும் வாங்கு.

டிசம்பரில் நீங்கள் வரும்போது எடுத்துப்போக டிவிடிகளையும் சிடிகளையும் பிரித்து வைக்கிறேன். ப்ளூ-ரேயில் பி-யில் ஓடுகிறவற்றை மட்டும் தருகிறேன், அட்டையெல்லாம் பார்த்துவிட்டேன். நீ எந்த பிளேயர் என்று முடிவு செய்ததும் மாடல் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பு. சவுண்ட்பாரில் எச்.டி.எம்.ஐ. உள்ளே போகும் துளை இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல், இல்லாவிட்டால் இணைப்பை வேறு மாதிரி கொடுக்க வேண்டும். மருமகளுக்கு என் அன்பு. பாப்பாவிடம், அந்தப் படத்தின் டிஸ்க்கை பாட்டி தேடிக்கொண்டிருக்கிறாள் என்று சொல்.

அன்புடன்,
அம்மா